கொக்கி

ஹெப்பாளில் என் வேலை எண்ணுவது.
நீலச் சாயம் ஊறிய கண்ணாடித் துண்டில்
வெள்ளணுக்கள் நூறு.
நூறு வந்ததும் கைக்கருவி மணியடிக்கும்.
ஒரு மாடு முடிந்தது.

லிங்கராஜபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி
ஞானசௌந்தரியின் தகரக் கொட்டகை.
மூன்று மாடு, ஒரு நீல டிரம்,
போன வருடத்து ஜெபக்கூட்டக் காலண்டர்.
ரோசிக்குக் காதில் மஞ்சள் வில்லை, 4417.
மடி இறங்கி, அடிவயிற்றில் நீர் கோத்து நிற்கிறாள்.
வாலடியில் ஊசி இறங்கும்போது
திரும்பி ஒரு பார்வை, அவ்வளவுதான்.
இன்னும் இருபது நாள் என்றேன்.
பதினெட்டு என்றாள் ஞானசௌந்தரி.
பதினெட்டுதான்.

எதற்கு இத்தனை ரத்தம் என்று கேட்டதற்கு
நான் சொன்னது இது:
உள்ளே இருப்பது பாதிதான் ரோசி.
மீதி ஏதோ ஒரு காளை,
குடுவையில் உறைந்து வந்தது,
முகம் பார்த்ததில்லை.
காவல் விழித்திருந்தால்
கன்றைத் திருடன் என்று துரத்தியிருக்கும்.
அதனால் ஒன்பது மாதம்
பார்த்தும் பாராமல் இரு என்று உத்தரவு.

"வாடகை இடத்துல நான் மாடு வச்சிருக்க மாதிரி.
ஓனர் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிடுவார்."

அதேதான் என்றேன்.
அதே அல்ல.

மழை இரவு, இரண்டரை மணிக்குக் கிடாரிக்கன்று.
கொடி வழியாகத் தாய் அதற்கு
ஒரு கவசமும் அனுப்பவில்லை, மாடுகளில் அப்படித்தான்.
எல்லாம் சீம்பாலில்தான், அதுவும் விடிவதற்குள்.
விடிந்ததும் ஓனர் வீட்டிலிருந்து
கின்னு கிண்ட எவர்சில்வர் தூக்கு வந்தது.
"கன்னுக்கு அப்புறந்தான் ஓனரு" என்று
தூக்கைக் கவிழ்த்து வைத்தாள்.

அன்றைய ரத்தத்தில் வெள்ளணுக்கள் நெரிந்தன.
படை பெரிதென்று யாரும் ஏமாறுவார்கள்.
ஆனால் வலியில் உடம்பு சுரந்த ஏதோ ஒன்று
அவற்றின் கொக்கிகளை உதிர்த்துவிட்டிருந்தது.
குழாய்ச் சுவரைப் பற்றி இறங்க வேண்டியவை
எங்கள் மேம்பாலத்து வண்டிகள் மாதிரி
மேலேயே போய்க்கொண்டிருந்தன.
கீழே கருப்பையில் வேலை கிடக்கிறது.

இளங்கொடி விழவில்லை.
பொத்தான் பொத்தானாய்ப் பற்றிக்கொண்டு
பின்னங்கால் வரை தொங்கியது, பழுப்பாய்.
இத்தனை நாள் உறவு,
இனி நீ அந்நியம் என்று
சில மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும்.
சொல்ல ஆளில்லை.

கொழுந்தன் அதில் செங்கல்லைக் கட்டினான்.
டாக்டர் நேத்ராவதி வந்து கயிற்றை அறுத்து
கன்னடத்தில் போட்ட சத்தத்தில் ரயிலே கேட்கவில்லை.
இழுக்காதே. இழுத்தால் உள்ளே கிழியும்.
மூன்றாம் நாள் நூற்று நான்கு காய்ச்சல்.
இப்போதுதான் கீழே தீ மூண்டது,
தேவைக்கு மிஞ்சி, தாமதமாக.
ரோசி வைக்கோலை முகர்ந்துவிட்டு விட்டாள்.
ஊசி போட்ட பாலைச் சாக்கடையில் ஊற்றச் சொன்னார்கள்.
ஊற்றினாளா என்று நான் கேட்கவில்லை.

எட்டாம் நாள் தானாக விழுந்தது.
அரிசிக்கடைச் சாக்கில் கட்டி
"பால் வடியுற மரத்துல தொங்கவிடணும்" என்றாள்.
ஆலுக்கும் அத்திக்கும் எங்கே போக?
எதிர் அபார்ட்மெண்ட் மதிலுக்கு மேல்
ரப்பர் மரம் ஒன்று கை நீட்டியிருந்தது.
அதுவும் பால் மரந்தான் என்று வாய் தவறிச் சொன்னேன்.
அவளுக்கு எட்டவில்லை. சாக்கை என்னிடம் நீட்டினாள்.
நாற்றம் குடலைப் புரட்ட
கம்பியை வளைத்துக் கிளையில் மாட்டினேன்.
காவலாள் எட்டிப் பார்த்தான்,
இந்தியில் ஏதோ கேட்டான்,
பதில் வருவதற்குள் நாற்காலிக்குத் திரும்பிவிட்டான்.

கிளை கீறிய இடத்தில் கசிந்த வெள்ளை
என் மணிக்கட்டில் சொட்டியது.
துடைத்தேன், போகவில்லை.
ஹெப்பாள் வரை பஸ் கம்பியில்
ஒட்டி ஒட்டி விட்டது.